எச்.ஐ.வி.யை உடம்பு தானாக வெல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிசோதனைக்கு வருகிறவர்களிடமும், மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களிடமும் பேசுவது என் வேலை. ஆளுக்கு ஆள் கதை வேறு. கேள்விகள் மட்டும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். முக்கால்வாசிக்கு அடியில் ஒரே நினைப்பு கிடக்கிறது: "எதிர்ப்புச் சக்தி பலமா இருந்தா இந்த வைரஸ் ஓடிடும்." அது எங்கே சரி, எங்கே சறுக்குகிறது என்று சொல்லத்தான் இந்தப் பக்கம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்கவேண்டிய முடிவு. அந்தப் பேச்சுக்கு இது ஈடாகாது.

எச்.ஐ.வி.ன்னாலும் எய்ட்ஸ்னாலும் ஒண்ணுதானே?

இல்லை. எச்.ஐ.வி. வைரஸின் பெயர். அது பல ஆண்டுகள் உள்ளே இருந்து எதிர்ப்பாற்றலைக் கரைத்தபின் வரும் கட்டம்தான் எய்ட்ஸ். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிடி4 என்ற வகை வெள்ளணுக்கள் 200-க்குக் கீழே போனாலோ, குறிப்பிட்ட சில தொற்றுகளும் புற்றுநோய்களும் வந்தாலோ அப்படிச் சொல்வார்கள். நலமாக இருப்பவருக்கு இந்த எண் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்க்காமலே முதுமை வரை வாழ்கிறார்கள்.

சளி, காய்ச்சல் வைரஸை எல்லாம் உடம்பே விரட்டிடுது. இதை மட்டும் ஏன் விரட்ட முடியல?

சளி வைரஸ் மூக்கைத் தாக்கும், மஞ்சள்காமாலை வைரஸ் ஈரலைத் தாக்கும். வெள்ளணுக்கள் வெளியிலிருந்து உதவிக்கு ஓடிவரும். எச்.ஐ.வி. தாக்குவதே அந்த வெள்ளணுக்களைத்தான். அதிலும் சிடி4 அணுக்கள் மற்ற அணுக்களுக்கு ஆணையிடுபவை. யாரைக் கொல்ல வேண்டும், எந்த ஆன்டிபாடியை (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தை) சுரக்க வேண்டும் என்ற உத்தரவு அவற்றிடமிருந்தே போகிறது. வைரஸ் முதலில் சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு புரதத்தின் வழியாக உள்ளே நுழைகிறது. இந்த இரண்டாவது பெயரை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே போனதும் அது தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, நம் குரோமோசோமுக்குள்ளேயே தைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த அணு வாயைத் திறக்காமல் இருந்தால், அது நம் அணுவா, வைரஸ் தங்கிய அணுவா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

இன்னொன்று, வேகம். மருந்து எடுக்காதவர் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகின்றன என்று 1996-இல் கணக்கிட்டார்கள். நகலெடுக்கும் நொதி பிழை செய்துகொண்டே போகும். செய்த பிழையைத் திருத்தும் வழக்கம் அதற்குக் கிடையாது. தேடப்படுகிறவனின் படத்தை ஊரெல்லாம் ஒட்டி முடிப்பதற்குள் அவன் முகம் மாறிவிடுகிறது.

அப்ப நம்ம உடம்பு சண்டையே போடறதில்லையா?

நன்றாகவே போடுகிறது. தொற்றிய முதல் வாரங்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை பல லட்சம் வரை ஏறும். பிறகு எந்த மருந்தும் இல்லாமலே மடமடவென்று இறங்கும். இறக்குவதில் பெரும் பங்கு சிடி8 என்ற கொல்லும் அணுக்களுக்கு உண்டு. இதே குடும்பத்து வைரஸ் தொற்றிய குரங்குகளில் சிடி8 அணுக்களை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். வைரஸ் உடனே எகிறியது. அந்த அணுக்கள் திரும்ப வந்ததும் இறங்கியது.

ஆனால் அதே முதல் வாரங்களில் குடல் சுவரில் இருக்கும் சிடி4 அணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனை இதைக் காட்டாது. குடலின் வேலி ஓட்டை விழுவதால் அங்குள்ள கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிந்து, எதிர்ப்பு மண்டலத்தை ஓயாமல் உசுப்பிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் இப்படி உழைத்த சிடி8 அணுக்கள் களைத்துப்போகின்றன. எதிரியை அடையாளம் தெரிந்தும் அடிக்கத் தெம்பில்லாத நிலை அது.

ஆன்டிபாடி இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஆன்டிபாடி இருந்தா நல்லதுதானே? கொரோனாவுக்கு அப்படித்தானே சொன்னாங்க?

இந்தக் குழப்பம் நியாயமானது, கொரோனாவுக்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. எச்.ஐ.வி. பரிசோதனையில் ஆன்டிபாடி தெரிந்தால், வைரஸ் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கான தடயம் என்று பொருள். உறுதிப்படுத்தும் அடுத்த பரிசோதனைகளையும் செய்துதான் முடிவு சொல்வார்கள். அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை பழைய முகத்தைப் பிடிப்பவை. வைரஸ் அதற்குள் மாறியிருக்கும். போதாக்குறைக்கு, வைரஸின் வெளிப்புற முள் சர்க்கரை மூலக்கூறுகளால் போர்த்தப்பட்டிருக்கிறது. சர்க்கரை நம் உடம்பின் சரக்குதான் என்பதால் எதிர்ப்பு மண்டலம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. முட்களும் மிகக் குறைவு: ஃப்ளூ வைரஸின் மேல் நூற்றுக்கணக்கில் இருக்கும், இதன் மேல் சுமார் 14 மட்டுமே. இரண்டு கை உள்ள ஆன்டிபாடி ஒரு கையால் பிடித்தாலும் மறு கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த முள் இருக்காது.

சிடி4 எண்ணிக்கை, வைரல் லோடு ரெண்டும் எழுதியிருக்கு. எதைப் பார்க்கணும்?

இரண்டையும். சிடி4 இதுவரை எவ்வளவு சேதம் என்று காட்டும். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, இப்போது எவ்வளவு வேகமாகச் சேதம் நடக்கிறது என்று காட்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு வைரல் லோடுதான் முதல் சாட்சி. சிடி4 மெதுவாக ஏறும், சிலருக்கு ஓரளவோடு நின்றுவிடும். சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட ஏறி இறங்கும் எண் அது. ஒரு தடவை 40, 50 குறைந்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வைரல் லோடு 'கண்டறிய முடியவில்லை'ன்னு வந்துடுச்சு. இனி மாத்திரையை நிறுத்தலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் ஆபத்தானது இதுதான். மகிழ்ச்சியோடு கேட்பார்கள் என்பதால் பதில் சொல்லவும் சங்கடமாக இருக்கும். நிறுத்தக் கூடாது. 'கண்டறிய முடியவில்லை' என்பது ரத்தத்தில் சுற்றும் வைரஸைப் பற்றிய சொல். குரோமோசோமில் தைத்துக்கொண்ட வைரஸைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சில சிடி4 அணுக்கள் ஒரு தொற்றைச் சந்தித்து முடித்தபின், அந்த நினைவோடு ஓய்வுக்குப் போகும். சின்ன வயதில் வந்த நோயைப் பல பத்தாண்டுகள் கழித்தும் உடம்பு மறக்காமல் இருப்பது இவற்றால்தான். எச்.ஐ.வி. ஒளிந்திருப்பது இந்த நினைவணுக்களுக்குள். பத்து லட்சம் ஓய்வணுக்களில் ஏறக்குறைய ஒன்றில் மீண்டும் கிளம்பக்கூடிய வைரஸ் இருக்கிறது. மருந்துகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். தூங்கும் வைரஸை அவை தொடுவதில்லை. இந்தக் கிடங்கு பாதியாகக் குறையச் சராசரியாக 44 மாதம் ஆகிறது. அந்த வேகத்தில் முழுதாகக் காலியாக 70 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். நினைவணு இரண்டாகப் பிரியும்போது வைரஸும் சேர்ந்து இரட்டிக்கிறது என்பது இன்னொரு தலைவலி. நீண்ட காலம் வாழ்வதற்காகவே உருவான அணுவை அது வீடாகப் பிடித்துவிட்டது.

அதனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். சிடி4 நன்றாக இருக்கும்போது இடைவெளி விட்டு மருந்து கொடுக்கலாமா என்று 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடம் இறப்பும், இதயம், சிறுநீரகம், ஈரல் நோய்களும் கூடியதால் 2006-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அப்படின்னா 'கண்டறிய முடியவில்லை'ன்னு வந்ததுல என்னதான் பிரயோஜனம்?

நிறைய. எதிர்ப்பாற்றல் மீள்கிறது. உடலுறவின் வழியாக இன்னொருவருக்குத் தொற்றுவதுமில்லை. 2019-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணையர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் 76,000 முறைக்கு மேல் உறவு நடந்தும், மருந்தால் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. எதிர்ப்பு மண்டலத்தால் தனியாக முடியாத காரியம் இது.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டற மருந்து, மூலிகை ஏதாவது எடுத்தா வைரஸ் போயிடாதா?

சத்தாகச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் 'எதிர்ப்புச் சக்தி பூஸ்டர்' என்று விற்பவர்கள் உங்களிடம் ஒன்றைச் சொல்வதில்லை: விழித்தெழுந்து துடிப்பாக இருக்கும் சிடி4 அணுதான் எச்.ஐ.வி.க்கு மிகப் பிடித்த இடம். உசுப்பிய அணுவில் வைரஸ் வேகமாகப் பெருகும். இருக்கும் தீயில் விறகு போடும் கதை.

வெறும் ஊகமாக இதைச் சொல்லவில்லை. வெள்ளணுக்களைத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற பொருளை ஊசியாகப் போட்டால் சிடி4 எண்ணிக்கை கணிசமாக ஏறும். 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2009-இல் வந்தது. எண்ணிக்கை ஏறியது உண்மை. நோயோ இறப்போ குறையவில்லை. தாளில் எண் அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

குரங்குகளிடம் இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளுக்கு எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸ் இயற்கையாகவே தொற்றும். ரத்தத்தில் வைரஸ் ஏராளம்; ஆனாலும் அவை பெரும்பாலும் எய்ட்ஸ் நிலைக்குப் போவதில்லை. அவற்றின் எதிர்ப்பு மண்டலம் ஆரம்பத்தில் சீறிவிட்டுச் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. நமக்கு அடங்குவதில்லை. இந்த நோயில் பாதிக் கேடு வைரஸால், மீதி ஓயாத சண்டையால் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பூஸ்டர் வாங்கும் காசைச் சேமித்துவையுங்கள்.

மருந்தே எடுக்காம சிலருக்கு ஒண்ணும் ஆகறதில்லையாமே?

உண்மைதான், ஆனால் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மருந்தில்லாமலே வைரஸை அடக்கிவைக்கும் இவர்களில் பலரிடம் எச்.எல்.ஏ. பி57, பி27 போன்ற மரபணு வகைகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லா அணுக்களும் தமக்குள் நடப்பதன் துணுக்கை மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருக்கும். அப்படிக் காட்டும் தட்டுதான் எச்.எல்.ஏ. இந்த வகைத் தட்டுகள் வைரஸின் முதுகெலும்பு போன்ற பகுதியை எடுத்துக் காட்டுகின்றன. அந்த இடத்தை மாற்றினால் வைரஸே நொண்டியாகிவிடும். ஆக, இவர்களுடைய சிடி8 அணுக்கள் மற்றவர்களுடையதைவிட அதிகமாக அடிக்கின்றன என்பதைவிடச் சரியான இடத்தில் அடிக்கின்றன என்று சொல்வதே பொருத்தம்.

2020-இல் இன்னொன்றும் தெரியவந்தது. இவர்களில் பலருக்கு, மிஞ்சியிருக்கும் வைரஸ் குரோமோசோமின் நடமாட்டமில்லாத பகுதிகளில் முடங்கிக் கிடந்தது. சுறுசுறுப்பான இடங்களில் இருந்தவற்றை எதிர்ப்பு மண்டலம் ஆண்டுக்கணக்கில் களையெடுத்துவிட்டது, தூங்குமூஞ்சிகள் மட்டும் மிஞ்சின என்று கருதுகிறார்கள். அமெரிக்காவின் லோரீன் வில்லன்பெர்க்கிடம் 150 கோடி அணுக்களைத் துருவியும் முழுமையான வைரஸ் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா நகரப் பெண் ஒருவரைப் பற்றியும் 2021-இல் இதே போன்ற முடிவு வந்தது.

'நானும் அப்படிப்பட்டவனா இருக்கலாமே' என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். இவர்களிலும் சிலருக்குக் கட்டுப்பாடு பிற்பாடு கைநழுவியிருக்கிறது. காத்திருக்காமல் உடனே மருந்தைத் தொடங்குவது நல்லது என்பதை 2015-இல் ஒரு பெரிய ஆய்வு உறுதி செய்தது: கடும் நோயும் இறப்பும் பாதிக்கு மேல் குறைந்தன.

யாராவது முழுசா குணமாகியிருக்காங்களா, இல்ல சும்மா செய்தியா?

ஆகியிருக்கிறார்கள், மிகச் சிலர். முதலாமவர் டிமோதி ரே பிரவுன். எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்ததால், 2007-இல் பெர்லினில் மருத்துவர் கெரோ ஹ்யூட்டர் அவருக்கு ஸ்டெம்செல் மாற்று செய்தார். ரத்தத்தை உண்டாக்கும் அணுக்களைக் கொடையாளரிடமிருந்து வாங்கி ஏற்றுவது அது; எலும்பு மஜ்ஜை மாற்று என்றும் சொல்வார்கள். கொடையாளரைத் தேடும்போது சி.சி.ஆர்.5 கதவே இல்லாதவராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். இந்த மரபணு மாற்றத்துக்கு டெல்டா 32 என்று பெயர். அந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டிருக்கும். தாய், தந்தை இருவர் வழியாகவும் இதைப் பெற்றவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் நூற்றுக்கு ஒருவர். மற்ற பகுதிகளில் மிக அரிது. புற்றுநோய் திரும்பியதால் 2008-இல் இரண்டாவது முறையும் மாற்று செய்தார்கள். எச்.ஐ.வி. அதன்பின் திரும்பவே இல்லை. 2020-இல் அவர் இறந்தது மீண்டும் வந்த புற்றுநோயால்.

2019-இல் லண்டனின் ஆடம் காஸ்டியெஹோ, 2023-இல் டுசெல்டார்ஃப் நோயாளி, நியூயார்க்கில் தொப்புள்கொடி ரத்தத்தால் சிகிச்சை பெற்ற பெண் என்று பட்டியல் மெதுவாக நீண்டது.

அப்ப எல்லாருக்கும் எலும்பு மஜ்ஜை மாத்திடலாமே?

முடியாது. முதலில் கடும் மருந்துகளால் இருக்கும் மஜ்ஜையை அழிக்க வேண்டும். பிறகு வந்த மஜ்ஜை நோயாளியின் உடம்பையே அந்நியமாகக் கருதித் தாக்கலாம். இந்த வழியில் இறப்பு விகிதம் கணிசமானது. மேலே சொன்னவர்கள் எல்லோரும் உயிரைப் பறிக்கும் வேறொரு நோய்க்காக இந்த ஆபத்தை ஏற்றவர்கள். தினம் ஒரு மாத்திரையில் அடங்கும் ஒன்றுக்காக ஒருவரை இதில் தள்ள எந்த நல்ல மருத்துவரும் ஒப்பமாட்டார்.

ஜெனீவாவுல ஒருத்தருக்கு அந்த டெல்டா 32 இல்லாத மஜ்ஜையே போட்டும் குணமாயிடுச்சாமே? அது எப்படி?

நல்ல கேள்வி. முந்தைய பதில்களைப் படித்துவிட்டு, "கதவு இருந்தா வைரஸ் உள்ள போயிடுமே" என்று கேட்டவர் ஒருவர். 2018-இல் ஜெனீவா நோயாளிக்குக் கிடைத்தது சாதாரண சி.சி.ஆர்.5 கொண்ட மஜ்ஜை. 2021 நவம்பரில் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்தினார்கள்; வைரஸ் திரும்பவில்லை. ஆனால் முன்பு பாஸ்டனில் இதே வகைச் சாதாரண மஜ்ஜை பெற்ற இருவருக்கு நிறுத்தியபின் வைரஸ் வந்துவிட்டது: ஒருவருக்கு 12 வாரத்தில், மற்றவருக்கு 32 வாரத்தில்.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இது: புதிதாக வந்த எதிர்ப்பு மண்டலம் பழையதை அந்நியமாகப் பார்த்து அழிக்கிறது. பழைய நினைவணுக்கள் அழியும்போது அவற்றில் ஒளிந்த வைரஸும் போகிறது. ஓர் அணுகூட மிஞ்சாவிட்டால் கதவு திறந்திருந்தாலும் நுழைய ஆளில்லை. மிஞ்சினால் பாஸ்டன் கதை. புது மஜ்ஜை உடம்பைத் தாக்குவதை அடக்க ஜெனீவா நோயாளி எடுத்துவந்த ருக்ஸோலிட்டினிப் என்ற மருந்தும் உதவியிருக்கலாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், குணமாக்குவதில் எதிர்ப்பு மண்டலத்துக்கு உள்ள பங்கை இத்தனை தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேறில்லை. கிடங்கைக் காலி செய்யும் வலு வெள்ளணுக்களுக்கு உண்டு. எந்த அணு கிடங்கு என்று காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும். இங்கே அந்த வேலையைச் செய்தது 'இது அந்நிய அணு' என்ற அடையாளம்.

பிறந்த உடனே மருந்து கொடுத்து ஒரு குழந்தை குணமாச்சுன்னு படிச்சேனே?

மிசிசிப்பி குழந்தை. 2010-இல் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கி, 18 மாதத்தில் நின்றுபோனது. 27 மாதம் வைரஸ் தெரியவே இல்லை, உலகமே கொண்டாடியது. 2014-இல் திரும்பிவிட்டது. சீக்கிரம் தொடங்கினால் கிடங்கு சிறிதாகும் என்பது மட்டும் உறுதியானது. பிரான்சில், தொற்றிய சில வாரங்களிலேயே தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து நிறுத்திய 14 பேருக்கு வைரஸ் அடங்கியே இருந்ததாக 2013-இல் வெளியானது. நிறுத்திய பெரும்பாலோருக்கு அப்படி அமைவதில்லை.

ஒளிஞ்சிருக்கிற வைரஸைத் தட்டி எழுப்பிக் கொல்ல முடியாதா?

முயன்றார்கள். வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து தூங்கும் வைரஸை அசைக்கிறது என்று 2012-இல் காட்டினார்கள். எழுந்தது; செத்தபாடில்லை. கிடங்கும் குறையவில்லை. களைத்த சிடி8 அணுக்கள் எழுந்ததைப் பிடிக்கவில்லை. எழுப்புவதோடு அடிக்கும் ஆளையும் தயார்செய்ய வேண்டும் என்ற பாடம் அங்கே வந்தது. இதற்கு நேரெதிராக, எழவே முடியாதபடி பூட்டிவிடும் வழியையும் ஆராய்கிறார்கள். முன்பு சொன்ன, மருந்தில்லாமலே வைரஸை அடக்கிவைப்பவர்களின் உடம்பு இயற்கையாகச் செய்வதும் ஏறத்தாழ அதுதான்.

நான் இப்போது ஆவலோடு கவனிப்பது பரந்து பிடிக்கும் ஆன்டிபாடிகளை. தொற்றோடு சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களில் ஒரு சிறுபகுதியினர், வைரஸ் மாற்ற முடியாத இடங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உருவாக்குகிறார்கள். அவற்றை ஆய்வகத்தில் செய்து ஊசியாகப் போடுகிறார்கள். நீண்டகாலம் நிற்கும் இரண்டைச் சேர்த்துக் கொடுத்து மருந்தை நிறுத்திய ஆய்வொன்றில், பெரும்பாலோருக்கு 20 வாரம் வரை வைரஸ் அடங்கியிருந்தது. குணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு, நான்கு வாரத்தில் திரும்பும் வைரஸ் அது.

மரபணுவையே வெட்டி எடுத்துடலாமே?

இரண்டு வழிகளில் முயல்கிறார்கள். நோயாளியின் சொந்த அணுக்களில் சி.சி.ஆர்.5 கதவை அடைத்துத் திரும்ப ஏற்றுவது ஒன்று. 2014-இல் வெளியான முதல் ஆய்வு அது செய்யக்கூடியது என்று காட்டியது. ஆனால் ஒரு பகுதி அணுக்களுக்கே கதவு அடைந்தது. தைத்த வைரஸையே கத்தரிப்பது மற்றது. மனிதர்களிடம் சோதித்த முதல் கிரிஸ்பர் (மரபணுவைக் கத்தரிக்கும் கருவி) சிகிச்சை பெரிய கேடு செய்யவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தியதும் வைரஸ் திரும்பியது. பத்து லட்சத்தில் ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் அணுக்கள் அத்தனைக்கும் கத்தரியைக் கொண்டுசேர்ப்பதுதான் சிக்கல்.

நாப்பது வருஷமாச்சு, தடுப்பூசி ஏன் இன்னும் வரல?

வழக்கமான தடுப்பூசி, நோயிலிருந்து மீண்டவரின் எதிர்ப்பைப் பார்த்து எழுதப்படுகிறது. இங்கே மீண்டவர் என்று பார்த்தெழுத ஆளே கிட்டத்தட்ட இல்லை. முகம் மாறுவது, சர்க்கரைப் போர்வை பற்றி முன்பே சொல்லிவிட்டேன். தாய்லாந்தில் சுமார் 16,000 பேரிடம் நடந்த ஆய்வு 2009-இல் 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. அதைப் பின்பற்றித் தென்னாப்பிரிக்காவில் நடந்ததை 2020-இல் பயனில்லை என்று நிறுத்தினார்கள். இன்னொரு பெரிய ஆய்வு 2023-இல் நின்றது.

வருஷத்துக்கு ரெண்டு ஊசின்னு சொல்றாங்களே, அது தடுப்பூசி இல்லையா?

இல்லை. லெனகாபவிர் ஒரு மருந்து. ஆறு மாதம் உடம்பில் தங்கி வைரஸின் உறையைக் குலைக்கும். எதிர்ப்பு மண்டலத்துக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை; அடுத்த ஊசியை விட்டால் பாதுகாப்பும் போய்விடும். ஆனால் 2024-இல் வெளியான ஆய்வில் அதை எடுத்த 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இதுவரை எந்தத் தடுப்பூசியும் இதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

குணமானவருக்கு மறுபடியும் வருமா?

வரலாம். எல்லா எச்.ஐ.வி.யும் சி.சி.ஆர்.5 வழியாக நுழைவதில்லை, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறொரு கதவைப் பயன்படுத்தும் வகையும் உண்டு. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் டெல்டா 32 மஜ்ஜை பெற்ற ஒருவருக்கு, அந்த இன்னொரு கதவு வழியாகவே வைரஸ் திரும்பியது. வெளியிலிருந்து அப்படியொரு வைரஸ் வந்தாலும் தொற்றலாம். சாதாரண மஜ்ஜை பெற்றவருக்கோ எந்த வகையிடமிருந்தும் காப்பில்லை.

கடைசியா ஒண்ணு. குணமானவருக்கு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தா நெகட்டிவ்னு வருமா?

உடனே வராது. மாற்று சிகிச்சைக்குப் பிறகும் சில காலம் பாசிட்டிவ் என்றே காட்டலாம். தூண்டிவிட வைரஸ் இல்லாததால் ஆன்டிபாடிகளின் அளவு ஆண்டுக்காண்டு தேயும், எச்.ஐ.வி.யைத் தேடும் சிடி8 அணுக்களும் அருகிவிடும். அணுக்களைத் துருவிப் பார்க்கும் பரிசோதனை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், எடுக்காத திசுவில் ஒன்று மிஞ்சியிருக்குமோ என்ற சந்தேகம் தீராது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். வைரஸ் எங்கேயாவது முனகிக்கொண்டிருந்தால் எதிர்ப்பு மண்டலம் அதை மறந்திருக்காது.